நம்மகிட்ட இல்ல சார்

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விவரமான ஆளை அவர் கேட்கிற முதல் கேள்வியிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். ‘என்ன வண்டி, எந்த வருஷ மாடல், பழைய பீஸ் கொண்டாந்திருக்கீங்களா?’ என்பார். கையில் இருப்பதை நீட்டியதும் அலமாரிப் பக்கம் திரும்பிவிட மாட்டார். கிரீஸும் புழுதியும் ஏறிய அந்தப் பழைய பிரேக் ஷூவை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, லைனிங்கின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். ‘ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. ஷூவை மட்டும் மாத்தினா மறுபடி இதே கதைதான். டிரம்மையும் ஒரு தடவை செக் பண்ணச் சொல்லுங்க’ என்பார். அதற்குப் பிறகுதான் புது ஷூ இருக்கிற பெட்டி மேலிருந்து இறங்கும்.

இந்த அரை நிமிடத்துக்கு அவர் பில் போடுவதில்லை. அந்தக் கடையில் நாம் வாங்குகிறவற்றிலேயே மதிப்பு மிகுந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் உதிரிபாகம் வாங்க வருகிறவருக்குத் தரத்தைப் பார்க்கக் கண் கிடையாது. கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கலாம், வேட்டியைத் தடவிப் பார்க்கலாம். பிரேக் ஷூவில் எதைப் பார்ப்பது? நல்லதும் கறுப்பு, மட்டமானதும் கறுப்பு. உராய்கிற லைனிங்கை உலோக வளைவின் மேல் பசை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுகிறார்கள். அந்தச் சூடு போதிய நேரம் கொடுக்கப்பட்டதா, கலவையில் என்னென்ன சேர்த்தார்கள் என்பதெல்லாம் பெட்டிக்குள் வருவதற்கு முன்பே முடிந்துபோன சங்கதி. மழை நாளில், மேம்பாலத்து இறக்கத்தில், முன்னால் போகிற பஸ் சட்டென்று நிற்கும்போதுதான் விடை தெரியும். பணம் கைமாறி எத்தனையோ நாள் கழித்து, கடைக்கு வெகு தூரத்தில், ஓடுகிற வேகத்தில் நடக்கிற பரிசோதனை அது.

பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6203 என்று பொறித்த பேரிங்கை உலகத்தில் எந்த ஊரில் வாங்கினாலும் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. போலி தயாரிப்பவரும் இந்த அளவை அச்சாகக் கொண்டுவந்துவிடுவார். அளவு பிசகினால் வண்டியில் ஏறாது, அன்றைக்கே பிடிபட்டுவிடுவார். அவர் கைவைக்கிற இடமே வேறு. எஃகு எந்தத் தரம், அதைப் பதப்படுத்தியது சரியா, உள்ளே இருக்கிற குண்டுகள் எவ்வளவு துல்லியமான உருண்டையாக இருக்கின்றன, அடைத்த கிரீஸ் சூடு தாங்குமா என்பவை வாங்குபவர் கண்ணுக்கு எட்டாதவை. மெக்கானிக் சுழற்றிப் பார்த்தால் இரண்டும் ‘விர்’ரென்று சுற்றும். ஒன்று பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும். இன்னொன்று சீக்கிரமே முனக ஆரம்பிக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற எண்ணே ஏமாற்றுகிற இடமும் உண்டு. என்.ஜி.கே. ஸ்பார்க் பிளக்கில் வெப்ப எண் கூடக் கூட அது ‘கோல்ட்’ பிளக், அதாவது வெப்பத்தைச் சீக்கிரமாக வெளியே கடத்திவிடும். போஷ் பிளக்கில் கணக்கு நேர் தலைகீழ், எண் கூடினால் ‘ஹாட்’. ஒரு கம்பெனி பிளக் ஸ்டாக் இல்லையென்று இன்னொரு கம்பெனியில் அதே எண்ணை எடுத்து நீட்டுகிறவர் ஏமாற்ற நினைக்காதவராகவே இருக்கலாம். மரை பொருந்தும், ஸ்பேனரில் இறுகும், வண்டியும் ஒரு கிக்கில் ஸ்டார்ட் ஆகும். போகப் போகத்தான் கரி படிந்து மிஸ்ஸிங் அடிக்கும், அல்லது பிளக் முனை கொதித்து பிஸ்டன்வரை சேதம் போகும். இந்தக் கவுன்டரில் நிற்பவருக்கு நல்ல மனது மட்டும் இருந்தால் காணாது, படிப்பும் வேண்டும். அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி எங்கேயும் இல்லை. பதினைந்து பதினாறு வயதில் கடைக்கு வந்து, ரேக்கைத் துடைத்து, பெட்டிகளை அடுக்கி, பார்ட் நம்பர்களை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்து வந்தவர்கள் அவர்கள். வண்டியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எந்த வரிசையில் எந்தப் பெட்டி என்று அவர்களுடைய கை நீளும். இந்தத் திறமையை நாம் போதுமான மரியாதையோடு பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

சென்னையில் இந்த வியாபாரத்துக்கு இரண்டு பெயர் பெற்ற முகவரிகள். அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் சாலை புதுச் சாமானுக்கு. கூவத்தை ஒட்டிய புதுப்பேட்டை பழைய சாமானுக்கு. டெல்லிக்குக் காஷ்மீரி கேட், பெங்களூருக்கு ஜே.சி. ரோடு. புதுப்பேட்டை என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படியில்லை. 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடருக்கும் மாருதி 800-க்கும் ஒரு கதவுக் கைப்பிடியோ கியர் பாக்ஸோ வேண்டுமென்றால் வேறு எங்கே போவது? அங்கே பிரித்துப் போட்டிருக்கிற ஒரு பழைய கம்பெனி ஆல்டர்னேட்டர் ஒருமுறை ரோட்டில் ஓடிக் காட்டிய சாமான். போலி ஸ்டிக்கர் ஒட்டிய புத்தம்புதுப் பெட்டியைவிட அதை நம்பலாம். ‘இது கழட்டின பீஸ் பாய், இவ்வளவு ஓடியிருக்கும், இதுக்கு மேல நான் கேரண்டி சொல்ல முடியாது’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விற்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

மனதை உறுத்துவது வேறு. 1960-களில் பாடியில் லூக்காஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று தொழிற்சாலைகள் அடுத்தடுத்து வளர்ந்த ஊர் இது. அம்பத்தூரில் சிறு பட்டறைகள், அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வாகனத் தொழில் பரவிய ஊர். உலகக் கம்பெனிகள் தங்கள் கார்களில் பூட்டுகிற பாகங்களைச் செய்கிற கைகள் இங்கே இருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புகிற பைக்கில் டூப்ளிகேட் பிரேக் ஷூ மாட்டியிருக்கலாம் என்பதை என்னால் எளிதாக ஜீரணிக்க முடியவில்லை.

டூப்ளிகேட் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். கடைகளில் சாமான் பல படிகளில் இருக்கிறது. வண்டிக் கம்பெனியே தன் பெட்டியில் போட்டு விற்பது ஜெனுயின். அந்தக் கம்பெனிக்குச் செய்து கொடுக்கிற தயாரிப்பாளரே தன் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. அதுவும் நல்ல சாமான்தான், விலையும் கொஞ்சம் குறையும். அதற்குக் கீழே தன் பெயரை வெளிப்படையாகப் போட்டுக்கொண்டு வருகிற லோக்கல். கடைசியாக, அடுத்தவர் பெயரைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு வருவது. மோசடி இந்தக் கடைசிப் படியில் மட்டும்தான். லோக்கல் சாமான் ஏழையின் உரிமை. பன்னிரண்டு வருடம் ஓடிய ஸ்கூட்டருக்கு லோக்கல் கண்ணாடியும் லோக்கல் சீட் கவரும் மாட்டுவதில் ஒரு தப்பும் இல்லை. மட்கார்டு, ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சைடு ஸ்டாண்டு எல்லாம் இந்த வகைதான். பிரேக், ஸ்டியரிங், டயர், வீல் பேரிங் என்று உயிரோடு சம்பந்தப்பட்ட இடம் வரும்போது மட்டும் பேச்சு மாற வேண்டும். நல்ல கடைக்காரரிடம் அது தானாக மாறுகிறது. ‘மிரர்ல மிச்சம் பிடிங்க, பிரேக்ல வேணாம்’ என்று ஒரு பெரியவர் வாடிக்கையாளரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை நான் எழுதிவிட முடியாது.

வாங்குகிறவர் முற்றிலும் கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை. பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் இருந்தாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அதன் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். ஈரம் ஏறாத டாட் 3 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கிவிடலாம். அதனால் திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்கக் கூடாது, சீல் உடையாத டப்பாதான் கேட்க வேண்டும். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: வீட்டுக்கு எடுத்துவந்த ஜெனுயின் பெட்டியை முழுசாகத் தூக்கிப் போடாதீர்கள். காலிப் பெட்டிக்கும் விலை உண்டு. அது திரும்பிப் போய், உள்ளே வேறு சாமானோடு இன்னொருவர் கைக்கு வரும்.

இவ்வளவு தெரிந்தும் பெரும்பாலானவர்கள் கடைக்குப் போவதே இல்லை. மெக்கானிக் போகிறார். ‘நீங்களே வாங்கிப் போட்டுடுங்க தம்பி’ என்று சொல்லிவிட்டு நாம் ஆபீஸுக்குப் போய்விடுகிறோம். மெக்கானிக்குக் கடையில் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த விஷயம், அதை ஒரு திருட்டுப்போல் பேசுகிறவர்கள் நிறைய. அந்தக் கமிஷன் எப்படிப் பிறந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பழி நம் வாசலுக்கும் வருகிறது. மரத்தடிப் பட்டறையில் வெயிலில் குந்தி, இரண்டு மணி நேரம் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர் லேபர் கேட்டால் நாம் பேரம் பேசுகிறோம். ‘நாலு போல்ட்டைக் கழட்டி மாட்டினதுக்கு இவ்வளவா?’ என்கிறோம். அச்சடித்த எம்.ஆர்.பி.யைக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிறோம். அவர் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: இந்த ஜனங்கள் உழைப்புக்குக் காசு தர மாட்டார்கள், பொருளுக்குத் தருவார்கள். அப்புறம் தன் கூலியைப் பொருளுக்குள் ஒளித்து வாங்குகிறார். எந்தச் சாமானில் கமிஷன் அதிகம்? எதன் அடக்கவிலை குறைவோ அதில். நல்ல சாமானில் கடைக்காரருக்கு நிற்கிற லாபமே கொஞ்சம், அதில் பங்கு பிரிக்க இடம் கிடையாது. நாம் லேபரில் மிச்சம் பிடித்த ஐம்பது நூறு ரூபாய் இப்படிச் சுற்றி வளைத்து நம் சக்கரத்துக்குள் மட்டமான பேரிங்காக வந்து உட்காருகிறது.

மெக்கானிக் வழியாகப் போகாமல் நேராகப் போகிற பெண்களுக்கு வேறு ஒரு அனுபவம் காத்திருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்களால் நிறைந்த ஊர் இது. ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டர் மட்டும் இன்னும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், பிரேக் கேபிள் அறுந்து, பழைய கேபிளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியின் மாடலையும் வருடத்தையும் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். கடைக்காரர் அவருக்குப் பின்னால் நின்ற பையனைப் பார்த்து ‘உனக்கு என்னப்பா?’ என்று கேட்டார். அந்தப் பையன் போன பிறகு இவரிடம், ‘வீட்டுல சார் யாராச்சும் இருந்தா அனுப்புங்கம்மா, தப்பா வாங்கிட்டுப் போயிட்டு அப்புறம் ரிட்டர்ன் வருவீங்க’ என்றார். சாமான் சரியாக இருந்தும் மரியாதை கிடைக்காத கடை அது. அந்த டீச்சர் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் போனிலேயே ஆர்டர் செய்கிறார். அங்கே யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஆனால் ‘பழைய பீஸ் இருக்கா?’ என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. கவுன்டரில் ஒரு நிமிட மரியாதை கிடைத்திருந்தால் அந்தக் கடைக்கும் அவருக்கும் லாபமாக இருந்திருக்கும்.

ரிட்டர்ன் என்றால் கடைகளில் ஏன் அவ்வளவு பயம் என்பதிலும் இரு பக்க நியாயம் இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பலகை தொங்காத கடை குறைவு. ‘எலக்ட்ரிகல் அயிட்டத்துக்கு கேரண்டி இல்ல’ என்பது எழுதாத சட்டம். வண்டியில் கோளாறு எங்கே என்று தெரியாத சிலர் ஒரு சி.டி.ஐ. யூனிட்டை வாங்கிப்போய் மாட்டிப் பார்த்து, அது இல்லையென்றால் கழற்றிக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். கடையைப் பரிசோதனைக்கூடமாக நடத்துகிற இவர்களால் உண்மையாகவே பழுதான சாமான் வாங்கியவரும் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறார். பழுதான பொருளைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளைக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பலகை தொங்குவதால் சட்டம் மாறிவிடாது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. ‘பில் வேணும்னா ஜி.எஸ்.டி. தனியா சேரும்’ என்று எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்கிறவர்கள் உண்டு. எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரியும் சேர்ந்த விலை. 28 சதவீதம் வரி கட்டிவந்த பாகங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லை வேண்டாம் என்று சொல்லும் பழக்கத்துக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சாக்கும் போய்விட்டது. பில் கையில் இல்லாமல் தேசிய உதவி எண் 1915-ஐ அழைத்து என்ன சொல்ல முடியும்?

சட்டம் பிறகு வந்து நியாயம் சொல்லும். பிரேக் பிடிக்காத அந்த நொடிக்கு அதனால் வர முடியாது. அதனால்தான் என் யோசனை திரும்பத் திரும்ப கவுன்டருக்கே போகிறது. ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையான வேலைகளில் அது முக்கியமானது. விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல சாமான் கட்டாது, ஆகவே நல்லதை வைத்திருப்பவர் விலகிக்கொள்வார். கடைசியில் சந்தையில் மட்டமானதே மிஞ்சும். உதிரிபாகத் தெருக்களில் ஒரு நாள் நின்று பார்த்தால் இந்த வாதம் எவ்வளவு சரி என்று தெரியும். ஆனால் இந்த வாதத்தின்படி நல்ல கடைகள் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். ஏன் அழியவில்லை?

வடசென்னையில் ஒரு சிறிய கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை நேரம். ஒரு ஆட்டோக்காரர் வீல் சிலிண்டர் கிட் கேட்டு வந்து நின்றார். ரப்பர் கப் ஊறிப்போய், பிரேக் ஆயில் கசிந்து, பின் சக்கரம் பிடிக்கவில்லை. கடைக்காரர் பழைய கப்பை விரலில் மாட்டித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘கம்பெனி கிட் நம்மகிட்ட இல்ல. நாளைக்கு வரும்’ என்றார்.

ஆட்டோக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் கையைக் காட்டினார். ‘அதோ இருக்கே அண்ணே.’

‘அது லோக்கல். உனக்கு அதைக் குடுக்க மாட்டேன். நீ ஸ்கூல் பசங்களை ஏத்துற.’

‘இன்னிக்கு வண்டி ஓடலன்னா வாடகை யாரு கட்றது? ரெண்டு நாளைக்குத்தான் அண்ணே. அப்புறம் நல்லது மாத்திக்கிறேன்.’

‘ரெண்டு நாள்னு சொல்லி மாட்டினவன் எவனும் திரும்பி வந்து மாத்தினதில்ல.’

இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். கடைக்காரர் போனை எடுத்து இரண்டு இடத்துக்குப் பேசினார். மூன்றாவது இடத்தில் இருந்தது. கடைப் பையனை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அனுப்பி எடுத்துவரச் சொன்னார். ஆட்டோக்காரரின் காலைச் சவாரி போய்விட்டது. டீ குடித்தபடி ஓரமாக நின்றார், முகத்தில் கோபம் குறையவே இல்லை. கிட் வந்தது. விலை லோக்கலைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு மீதியைச் சொன்னார். கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னொரு கடையிலிருந்து வாங்கிக் கொடுத்த சாமானில் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்? பையனின் பெட்ரோலுக்கே போயிருக்கும்.

இதை அருகிலிருந்து பார்த்த பிறகு, கடைகளைப் பற்றிப் பேசும்போது நாம் பயன்படுத்துகிற அளவுகோல்கள் எனக்குப் போதாமல் போய்விட்டன. சிரித்த முகம், ஏ.சி., தண்ணீர் பாட்டில், உடனடி டெலிவரி எல்லாம் நல்லவைதான். ஆனால் எதிரே நிற்பவருக்குத் தரம் தெரியாது என்று தெரிந்தும், கைக்கெட்டும் தூரத்தில் சாமான் இருந்தும், ‘இல்ல’ என்று ஒருவர் சொல்கிறாரா என்பதில்தான் ஒரு கடையின் சேவை அடங்கியிருக்கிறது. அப்படிச் சொல்கிறவர் அன்றைய வியாபாரத்தை இழக்கிறார். அதைக் கேட்டுக்கொள்கிறவர் ஒரு காலையை இழக்கிறார். கமிஷன் இல்லாத நல்ல சாமானை வாங்கி மாட்டுகிற மெக்கானிக் தன் பங்கை இழக்கிறார். நல்ல பாகம் ஒன்று வண்டியில் ஏறுவதற்கு இவர்களில் யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஒருவரும் விட்டுக்கொடுக்காத நாளிலும் அந்தக் கணக்கு தீராமல் போவதில்லை. கடைக்கே வராத, விலை கேட்காத, லோக்கலா கம்பெனியா என்று யாரும் கலந்து பேசாத ஒருவர் அதைக் கட்டுகிறார். அவர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கலாம், ஸீப்ரா கோட்டில் கடந்துகொண்டிருக்கலாம். கடைக்காரர்மேலும் மெக்கானிக்மேலும் நமக்கு இருக்கிற மனக்குறைகள் எல்லாம் வாங்குபவர், விற்பவர் என்ற இருவரை மட்டும் கணக்கில் வைத்துப் பேசப்படுகின்றன. அந்தக் கவுன்டரில் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவருடைய காரியமும் முடிவாகிறது.

நல்ல கடைகள் அழியாமல் இருப்பதற்குக் காரணமும் அந்த நோட்டில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அன்றைக்கு லோக்கல் கிட்டைக் கொடுத்திருந்தால் பணம் முழுசாகக் கல்லாவுக்கு வந்திருக்கும். அவர் கடனை எழுதினார். கடன் எழுதுவதற்கு அந்த ஆட்டோக்காரர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை வேண்டும், அவர் திரும்பி வருவதற்கு வண்டி பத்திரமாக ஓட வேண்டும். அகெர்லாஃபின் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் ஒரே ஒருமுறை சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். தெருமுனைக் கடையில் அப்படி முடியாது. இதனால் கடைகளையும் மெக்கானிக்குகளையும் அடிக்கடி மாற்றி, எங்கே பத்து ரூபாய் குறைகிறதோ அங்கே ஓடுகிற வாடிக்கையாளர் தன்னை அறியாமல் அந்த நோட்டைக் கிழிக்கிறார் என்றே சொல்வேன். என்னுடைய வண்டிக்கு இப்போது மெக்கானிக் கேட்கிற லேபரை அப்படியே கொடுத்துவிடுகிறேன், சாமானைத் தனி பில்லோடு கேட்கிறேன். ‘சார், நீங்க பேரம் பேசாததால சொல்றேன்’ என்று ஆரம்பித்து, மாற்ற வேண்டியதில்லை என்று அவரே தள்ளிவைத்த பாகங்கள் சில உண்டு.